அருணின் பக்கம் மூடியபோது

அருணுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, பால் குடிக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினான். சளி என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் குளிப்பாட்டித் துவட்டும்போது அவன் உள்ளங்கையைப் பார்த்தேன். கஞ்சித்தண்ணி நிறத்தில் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் என் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்புறம் அவனைத் தூக்கிக்கொண்டு, ஈரத் துண்டோடு, தெருமுனை டாக்டரிடம் ஓடினேன்.

நாங்கள் வங்காளத்தில் பெஹாலாவுக்குக் குடிவந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் கணவர் முருகேசனுக்குச் சுங்கத் துறையில் வேலை. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகிக் கிடர்பூருக்கு வந்திருந்தார். எனக்கு அவர் சொந்த அத்தை மகன். இன்றும் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். அந்த உறவை இங்கே சொல்லக் காரணம் உண்டு.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அருணுக்குத் தலசீமியா மேஜர் (உடலால் போதிய சிவப்பணுக்களை உருவாக்க முடியாத பரம்பரை நோய்) என்றார்கள். நானும் அத்தானும் கேரியர் (குறையுள்ள மரபணு ஒன்றைச் சுமப்பவர்; அவருக்கு நோய் வராது) என்றார்கள். ஒரே தாத்தாவிடமிருந்து எங்கள் இருவருக்கும் வந்திருக்க வேண்டும். எங்கள் உடம்பில் அது எந்தத் தொந்தரவும் செய்ததில்லை. எனக்குக் கொஞ்சம் சோகை உண்டு என்று சின்ன வயதில் முருங்கைக்கீரை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இந்த நோயோடு குழந்தையை வளர்க்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேறொருவரின் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ஒவ்வொரு பையோடும் இரும்புச்சத்து உள்ளே போகும். அதை வெளியேற்ற உடம்புக்கு வழி தெரியாது. கல்லீரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். அதைப் பிடித்து வெளியே தள்ளத் தினமும் மருந்து எடுக்க வேண்டும். கீலேஷன் (தேங்கிய இரும்பை வெளியேற்றும் சிகிச்சை) என்று பெயர். ரத்தம் ஏற்றுவதை யாரும் மறக்க மாட்டார்கள், முகமே வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கீலேஷன் அப்படியல்ல. அதை விட்டால் நெடுநாள் வரை ஒன்றும் தெரியாது.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பொருந்தும் கொடையாளர் கிடைக்கவில்லை. இரண்டாவது குழந்தைக்கு எங்களுக்குத் துணிவு வரவில்லை.

அருண் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கினார்கள். எல்லோரும் போர்ட்டல் என்றே சொன்னோம். நோயாளியின் பெயரில் ஒரு பக்கம். பரிசோதனை முடிவுகள், மருந்துகள், அடுத்து வர வேண்டிய நாள் எல்லாம் அதில் இருக்கும். டாக்டருக்குக் கேள்வி எழுதலாம். குழந்தைகளின் பக்கத்தைப் பெற்றோர் தங்கள் போன் எண்ணை வைத்துத் திறக்கலாம்.

அதுவரை நான் பிளாஸ்டிக் பையில் ரிப்போர்ட்டுகளைச் சுமந்துகொண்டு பஸ் ஏறுகிறவள். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்தப் பக்கத்தை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன். ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் புரதம்) எண்ணைத் தொட்டால் பழைய அளவுகளெல்லாம் சேர்ந்து ஒரு கோடாக வரும். காகிதத்தில் தனித்தனியாகப் பார்த்தபோது எனக்குப் புரியாதது, அந்தக் கோட்டில் புரிந்தது.

ஒரு முறை கோடு மெல்ல ஏறுவதைப் பார்த்து டாக்டர் மித்ராவுக்கு எழுதினேன். அருணைச் சின்ன வயதிலிருந்து பார்த்துவந்த ரத்தநோய் நிபுணர் அவர். "பையனின் எடை கூடியிருக்கிறது, மருந்து பழைய அளவிலேயே இருக்கிறது" என்று அன்றைக்கே பதில் எழுதி, அளவை மாற்றினார். இன்னொரு முறை ஊருக்குப் போயிருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தூத்துக்குடி டாக்டரிடம் போனை நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "இவ்வளவு விவரத்தோட வர்றவங்க கம்மி" என்றார். எனக்குப் பட்டம் வாங்கியது மாதிரி இருந்தது.

ஆகவே போர்ட்டலைப் பற்றி நான் குறை சொல்ல வரவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு வேறொன்றும் நடந்தது.

காலையில் எழுந்ததும் போனில் அவனைப் பார்ப்பேன். பிறகுதான் அறைக்குப் போய் அவனைப் பார்ப்பேன். ஹீமோகுளோபின் எட்டுக்கு வந்திருந்தால், அவன் சிரித்துப் பேசினாலும் எனக்கு அவன் வாடித் தெரிவான். பத்தாக இருந்தால் அவன் எரிந்து விழுந்தாலும் கவலைப்பட மாட்டேன்.

அவனுக்குக் கிரிக்கெட் உயிர். அதிக நேரம் ஓட முடியாது என்பதால் அம்பயர் ஆனான். எங்கள் தெருப் பையன்கள் முதலில் இரக்கப்பட்டுத்தான் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு அக்கம்பக்கத்துப் போட்டிகளுக்கெல்லாம் அவனைத் தேடி வந்தார்கள். "ஓருண் கை தூக்கினா அவுட்தான்" என்பார்கள். வங்காளிகளின் வாயில் அருண் ஓருண்தான். வீட்டில்கூட அவனுக்கு வங்காளம்தான் முதலில் வந்தது. தமிழை என்னோடு சண்டை போடுவதற்கு மட்டும் வைத்திருந்தான் என்று அத்தான் கேலி செய்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு முடிந்து வந்து, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். திடீரென்று நிறுத்தினான்.

"நான் என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்."

"யாரோ அவுட்டுன்னு..."

"ஆரே மா, நீ என்னைப் பாக்கவே இல்ல. போன்ல என்னைப் பாத்துட்டிருக்கே."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது அவனுக்குப் பதினாறு வயது.

பதினெட்டு முடிந்த மறுநாள் வழக்கம்போலப் போனைத் திறந்தேன். அருணின் பக்கம் வரவில்லை. நோயாளிக்கு வயது நிறைந்துவிட்டது, இனி அவர் அனுமதித்தால் மட்டுமே மற்றவர் பார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கோளாறு என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கே போனேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்னை அக்கா முறை வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "கோளாறு இல்லை தீதி. எல்லாருக்கும் இப்படித்தான். உங்க பையன் அவரோட நம்பர்ல திறந்து, உங்களுக்கு அனுமதி கொடுத்தாப் போதும். ரெண்டு நிமிஷ வேலை."

அன்று மாலை அவனிடம் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"வேண்டாம்மா."

"என்ன வேண்டாம்?"

"நானே பாத்துக்கறேன். உனக்குத் திறக்கல."

நான் விளையாட்டென்று நினைத்தேன். அவன் எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தான். கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"எனக்குன்னு என்னம்மா இருக்கு? உடம்புல ஓடுற ரத்தம்கூட என்னோடது இல்ல. யார் யாரோ கொடுத்தது. அந்த ரிப்போர்ட்டாவது என்னோடதா இருக்கட்டும்."

அத்தான் தலையிட்டார். "அம்மாகிட்ட மறைக்க என்னடே இருக்கு?"

"மறைக்கலப்பா. கேளுங்க, சொல்றேன். திறந்து பாக்காதீங்க, அவ்வளவுதான்."

அத்தான் என்னைப் பார்த்தார்.

நான் டாக்டர் மித்ராவைத் தனியாகப் பார்க்கப் போனேன். இந்த ஊரில் எத்தனையோ டாக்டர்கள், பெற்ற தாய் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அவர் சொல்லவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து வங்காளத்தில் பேசினார்.

"அவன் சொல்லச் சொன்னால்தான் நான் சொல்ல முடியும், வசந்தி. இந்தக் குழந்தைகள் பெரியவர்களாகி, தங்கள் நோயைத் தாங்களே கையில் எடுக்க வேண்டும் என்றுதானே இவ்வளவு பாடுபட்டோம்? எத்தனை பேர் இந்த வயது வரை வந்திருக்கிறார்கள் தெரியுமா உங்களுக்கு?"

"அவன் மாத்திரை ஒழுங்கா போடுறானா? அதை மட்டும் சொல்லுங்க."

"அவனிடம் கேளுங்கள். கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்."

கேட்டேன். "பாலோ ஆச்சி மா" என்பான். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். காலையில் ஒரு டம்ளர் தண்ணீரில் மாத்திரையைக் கரைத்து அவன் அறைக்கு எடுத்துப் போவதைப் பார்ப்பேன். காலி டம்ளர் திரும்பி வரும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

முதல் சில மாதங்கள் கை பரபரத்தது. எதையோ தொலைத்துவிட்ட மாதிரி போனை எடுத்து எடுத்து வைப்பேன். ரத்தம் ஏற்ற அவனே தனியாகப் போய் வந்தான். மெட்ரோவில் போவான், முடிந்ததும் நண்பர்களோடு சினிமாவுக்குப் போய்விட்டு வருவான். நான் வாசலில் நிற்பேன். பிறகு நிற்பதை விட்டேன்.

அதன்பின் நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நாங்கள் பேச ஆரம்பித்தோம். பார்க்க எண் இல்லாததால் அவன் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவனுக்கு இடது கன்னத்தில் மட்டும் தாடி அடர்த்தியாக வருகிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். சனிக்கிழமைகளில் லேக் மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் வாங்க நான் போகும்போது தானாகவே கூட வருவான். வாங்கி முடித்ததும் தோசை சாப்பிடுவோம். அங்கே ஒருநாள் சட்னியைத் தொட்டுக்கொண்டே, ஆட்டக்காரர்கள் அவுட்டானது தெரிந்தும் ஏன் நகராமல் நிற்கிறார்கள் என்று எனக்கு விளக்கினான்.

"தெரியும்மா அவங்களுக்கு. பேட்ல பட்டது அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். இருந்தாலும் அம்பயர் சொல்லட்டும்னு நிப்பாங்க. அந்த ஒரு செகண்டு இன்னும் ஆட்டத்துல இருக்காங்க இல்ல?"

அவன் கல்லூரிக் கதைகளும், ஒரு பேராசிரியர் தூங்கி விழுந்ததும், ஷ்ரேயா என்று ஒரு பெண் இவனிடம் மட்டும் குறிப்பேடு இரவல் கேட்டதும் எனக்குத் தெரிந்தது. அவனுடைய ஃபெரிட்டின் தெரியவில்லை. அந்த இரண்டு வருடம் போல நான் என் மகனோடு எப்போதும் இருந்ததில்லை.

அதே இரண்டு வருடத்தில்தான் இரும்பு அவன் இதயத்தில் படிந்தது.

குளிர்கால ஞாயிறு ஒன்றில் தெருப் பையன்கள் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மைதானத்தில் நடுவராக நின்றிருந்த அருண், ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருக்கிறான். நெஞ்சு படபடவென்று அடிப்பதாகச் சொல்லியிருக்கிறான். நாங்கள் போனபோது யாரோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்றான். உதடு நீலமாக இருந்தது.

அரித்மியா (இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புதல்) என்றார்கள். இதயத்தை எம்.ஆர்.ஐ. (காந்தப் புலத்தால் உடலின் உட்புறத்தைப் படமெடுத்தல்) எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் மித்ரா வெளியே வந்தபோது அவர் கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார். அவரைக் கண்ணாடி இல்லாமல் நான் பார்த்ததில்லை.

"அவனே உங்களிடம் சொல்கிறேன் என்கிறான். உள்ளே போங்கள்" என்றார்.

அருண் படுக்கையில் சாய்ந்திருந்தான். மார்பில் ஒயர்கள். போனில் எதையோ அழுத்தினான்.

"அம்மா, உன் நம்பருக்கு ஓடிபி வரும். சொல்லு."

எனக்கு முதலில் புரியவில்லை. என் போன் ஒலித்தது. வாசித்துச் சொன்னேன். அவன் தட்டினான். அவனுடைய பக்கம் எனக்குத் திறந்தது.

கோடு முதல் வருடம் முழுவதும் அடங்கியே இருந்தது. அதற்குப் பிறகு ஏறத் தொடங்கி, இறங்கவே இல்லை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் டாக்டர் மித்ரா எழுதியிருந்தார். வா என்று, மருந்தை மாற்றலாம் என்று, ஆண்டு எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதே என்று, அம்மாவிடம் பேசு என்று. அவன் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தான். பரீட்சை முடிந்ததும் வருகிறேன்.

"மாத்திரை போட்டா வயிறு பிடுங்கும்மா. கிளாஸ்ல உக்கார முடியாது. பரீட்சை நேரத்துல மட்டும் நிறுத்தினேன். ஒண்ணும் ஆகல. அப்புறம் விட்டு விட்டுப் போட்டேன். ஒண்ணுமே ஆகலையா, நல்லாத்தான் இருந்தேனா..."

அத்தான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். சத்தம் போடுகிறவர் அல்ல. அன்று குரல் உடைந்து வந்தது. "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடே?"

அருண் என்னைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னான்.

"சொன்னா அம்மா பழையபடி ஆயிடுவாப்பா."

நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அத்தான் பிறகு சொன்னார், "இல்லடா, ஆக மாட்டேன், ஆக மாட்டேன்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னேனாம்.

வயிற்றில் தோலுக்கடியில் சிறு ஊசியைக் குத்தி, பம்ப் மூலம் இடைவிடாமல் மருந்து ஏற்றினார்கள். கூடவே வேறு மாத்திரை. கல்லீரலிலிருந்து இரும்பு சீக்கிரம் இறங்கிவிடும், இதயம் விட்டுக்கொடுக்க நாளாகும் என்றார் டாக்டர். வீட்டுக்கு அனுப்பினார்கள். பம்ப்பை இடுப்பில் பை மாதிரி கட்டிக்கொண்டு நடமாடினான்.

அந்த மாதங்களில் நாங்கள் இருவரும் சேர்ந்தே பக்கத்தைத் திறந்தோம். அவன் சோபாவில், நான் அவன் அருகில். எனக்குத் தெரிந்ததை அவன் எனக்கு விளக்குவான். தெரியாதது மாதிரி கேட்டுக்கொள்வேன். ஒருமுறை ஃபெரிட்டின் நன்றாகவே இறங்கியிருந்தது. என் தலையில் தன் தலையை இடித்து, "தேக்கோ, தேக்கோ" என்றான். பார், பார் என்று. தாழ்வாரத்திலிருந்து அத்தான் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தார். அந்த வாரம் ஷ்ரேயா வீட்டுக்கு வந்தாள். நான் செய்த ரசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்தாள்.

பிழைத்துவிடுவான் என்று நான் நம்பினேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நம்ப வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது காய்ச்சல் வந்தது. நோய்த்தொற்று என்று சேர்த்துக்கொண்டார்கள். காய்ச்சலை இதயம் தாங்கவில்லை. காலில் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல். ஐ.சி.யூ.வில் ஒருவரைத்தான் விடுவார்கள். மதியம் நான் உள்ளே போனேன். அவன் ஆக்சிஜன் முகமூடியை நகர்த்தி, "சாப்டியா?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். "அப்பா?" என்றான். அப்பாவும் என்றேன். தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கவில்லை. நர்ஸ் ஓடி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவனுக்கு இருபது வயது.

வெளியே அத்தான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். டாக்டர் மித்ரா வந்து எங்கள் இருவரின் கையையும் சேர்த்துப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை.

என்னைப் போன்ற தாய்மார்கள் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் எனக்கு மூடாமல் இருந்திருந்தால்? முதல் ஏற்றத்திலேயே பார்த்திருப்பேன். அழுதிருப்பேன், மிரட்டியிருப்பேன், டம்ளரோடு எதிரே நின்றிருப்பேன். ஒருவேளை இன்று இருந்திருப்பான். அல்லது அப்போதும் மருந்தைக் கழிப்பறையில் கொட்டியிருப்பான். மூடாமல் இருந்திருந்தால் எனக்கு லேக் மார்க்கெட் சனிக்கிழமைகள் கிடைத்திருக்காது. இரண்டையும் தராசில் வைக்க என்னால் முடியவில்லை. எது கனமாக இருந்தாலும் அது என்னைக் கொன்றுவிடும்.

ஒன்று மட்டும் சொல்வேன். பதினெட்டு வரை காத்திருக்காதீர்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பக்கத்தை அவர்களைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். எண் கெட்டிருந்தால் உடனே முகம் மாறாதீர்கள். மாத்திரை போட்டாயா என்று கேட்பதற்கு முன், அதைப் போட்டால் உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேளுங்கள். அவனுக்கு வயிறு பிடுங்கியது எனக்குத் தெரியவே தெரியாது. மருந்தை மாற்றியிருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள், கீழ்வீட்டுப் பெண் மௌ மேலே வந்தாள். என்னைச் சித்தி முறையில் காக்கிமா என்று கூப்பிடுகிறவள். வேலைக்குப் போகிறவள், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அலுவலகத்தில் யாரோ சொல்லி, கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறாள். முடிவு அவளுடைய போனில் வந்திருந்தது. டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்ததாம்.

"காக்கிமா, இதில் என்ன போட்டிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாதென்றுதான் இருந்தேன். வேறு யாரைக் கேட்பதென்றும் தெரியவில்லை."

அவள் போனை வாங்கினேன். அதே மாதிரிப் பக்கம், வேறொரு பெயர். எனக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. எனக்கும் அத்தானுக்கும் அன்று வந்த அதே முடிவு.

"உனக்கு ஒன்றும் இல்லை" என்றேன். "நீ கேரியர். என்னை மாதிரி. உன் உடம்புக்கு எதுவும் வராது. மாப்பிள்ளைப் பையனை ரத்தப் பரிசோதனை செய்யச் சொல். அவருக்கு இல்லையென்றால் கவலையே இல்லை."

"அவருக்கும் இருந்தால்?"

"இருந்தாலும் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். கர்ப்பம் ஆனதும் ஆரம்பத்திலேயே குழந்தைக்குப் பரிசோதனை செய்ய முடியும். அதன்பிறகு நீங்கள் இருவரும் முடிவெடுக்க வேண்டும்."

மௌ போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், காக்கிமா?"

கேட்ட கணமே அவள் கை வாய்க்குப் போய்விட்டது. கண் நிறைந்து நின்றாள். அவளும் ஓருணோடு சேர்ந்து வளர்ந்தவள்.

"பையனை டெஸ்ட் எடுக்கச் சொல் மௌ. தள்ளிப்போடாதே" என்றேன். அவள் தலையை வருடி அனுப்பிவைத்தேன்.

அத்தான் அலுவலகத்திலிருந்து வந்ததும் சொன்னேன்.

"டெஸ்ட் எடுக்கச் சொன்னியா?"

"சொன்னேன்."

"நல்லது பண்ணே, வசந்தி. அதான் சரி" என்றார். சட்டைப் பொத்தானைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அது உறைத்துவிட்டது.

நான் மௌவுக்குச் சொன்னது சரியான வார்த்தை. யார் வந்து கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் அதே வார்த்தையை எனக்கு யாராவது நேரத்தோடு சொல்லியிருந்தால், நானும் கேட்டு நடந்திருப்பேன். அருண் இருந்திருக்க மாட்டான்.

எனக்குள் ஓடும் ரத்தத்தை இப்போதெல்லாம் உணர்கிறேன். கையை அசையாமல் வைத்திருந்தால் மணிக்கட்டில் அது துடிக்கிறது. எனக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் ஐம்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நடந்துபோன காலத்துக்குப் பக்கத்தில், நடக்காத காலம் ஒன்றும் எனக்குத் தெரிகிறது. அதில் இதே வீடு, இதே மாலை, நானும் அத்தானும் இரண்டு பேர் மட்டும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் காலத்தில் இருக்கிற பெண் அழவில்லை. எதற்காக அழ வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

எனக்கு அவளாக இருக்க வேண்டாம்.